இந்தத் தாளை யாரிடம் நீட்டப் போகிறோம்?

(சேரி இரவுப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்பு, கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை இரவுப் பள்ளித் தோழர்கள், 'ஆன்லைன் படிப்புல எதுல சேர்றது, எத விடுறதுன்னு புள்ளைங்க கேக்குதுங்க, நீங்க பேங்க்ல இருக்கீங்க, வந்து சொல்லுங்க' என்றார்கள். படிப்புக்கும் பேங்குக்கும் என்ன தொடர்பு என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் தொடர்பு இருக்கிறது. தவறான படிப்பில் சேர்ந்த கதையின் கடைசிப் பக்கம் என் கவுண்டருக்கு முன்னால்தான் வந்து நிற்கிறது.

ஒரு அம்மா வந்தார். நம்ம சனம். பாஸ்புக்கை நீட்டி, 'தம்பி, இந்த மாசமும் துட்ட எடுத்துட்டான். எவன் எடுக்குறான்னு பாத்து சொல்லு' என்றார். என்ட்ரி போட்டுப் பார்த்தேன். நூறு நாள் வேலைக் கூலி வரவு. இரண்டு நாள் கழித்து ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் பற்று. கூலி வராத மாதங்களில் கணக்கில் பணமில்லை என்று தவணை திரும்பியிருந்தது. திரும்பியதற்காக அபராதமும் பிடித்திருந்தது. அபராதம் பிடித்தது நான் சம்பளம் வாங்குகிற வங்கி.

'எங்கம்மா கடன் வாங்கினீங்க?' என்று கேட்டேன். 'நான் எங்க வாங்கினேன், பையன் போன்ல ஒரு நம்பர் வரும், படிச்சி சொல்லும்மான்னான், சொன்னேன்' என்றார். அவ்வளவுதான். அந்த ஆறு இலக்க எண்தான் கையெழுத்து. பையன் பி.எஸ்சி. கணிதம் முடித்தவன். ஆறு மாத டேட்டா சயின்ஸ் பயிற்சி, முடித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவனிடம் பேசினேன். 'போன்ல பேசினவங்க என்னை சார்னு கூப்பிட்டாங்கண்ணே' என்றான். தோழர்களே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம பையனை ஊர்த்தெருவில் பேரைச் சொல்லிக்கூட கூப்பிட மாட்டான், 'டேய்' என்பான். அவனை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் 'சார்' என்கிறார். பாதிக் கையெழுத்து அங்கேயே விழுந்துவிட்டது. நம்முடைய மானத்தின் பசியை விற்பனைக்காரன் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறான்.

இன்னொரு கதை என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் பெரியப்பா மகன் டிப்ளமோ முடித்துக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பொறியியல் படித்தார். ஷிஃப்ட் முடித்து வந்து தெருவிளக்கில் உட்கார்ந்து படித்தவர். பட்டம் வாங்கியபோது எங்கள் தெருவுக்கே சோறு போட்டார் பெரியப்பா. 2017 நவம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் நடத்தியது செல்லாது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது, அவர்கள் மறுதேர்வு எழுதலாம். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அண்ணன் சேர்ந்தது 2006இல். வாத்தியாரைக் கேட்டுச் சேர்ந்தார், பல்கலைக்கழகம் என்கிற பெயரைப் பார்த்துச் சேர்ந்தார். அவர் செய்த குற்றம் என்ன? எதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான். ஐயர் வீட்டுப் பையனுக்கு இதைச் சொல்ல மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார், அலுவலகத்தில் நாலு பேர் இருப்பார்கள். நம் வீட்டில் முதல் ஆள் அவர்தான். தகவல் என்பதும் இந்நாட்டில் சாதிச் சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: முடித்து வாங்குகிற இந்தத் தாளை நான் யாரிடம் நீட்டப் போகிறேன்? அவர் அதை வாங்கிக்கொள்வாரா?

அரசு வேலைக்கு நீட்டப் போகிறாயா, தாள் பட்டமாக இருக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பை, அந்த ஆண்டில், அந்த முறையில் நடத்த யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்திருக்க வேண்டும். நாலும் சேர்ந்திருக்கணும். பல்கலைக்கழகம் பெரிய பேராக இருக்கலாம், அந்தப் படிப்புக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். போன வருஷம் இருந்த அனுமதி இந்த வருஷம் இல்லாமல் போகலாம். பட்டியல் யு.ஜி.சி. தளத்தில் இருக்கிறது. போனில் பார்த்து, சேர்கிற அன்றைக்கே அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. அதே நேரத்தில் பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம் போன்ற படிப்புகளுக்கு இந்த வழி கிடையாது. 'ஆன்லைன்ல பி.இ.' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் இணையக் கல்வி நிறுவனங்களுக்குப் படிப்பைக் குத்தகை விடுவது போல் விடக்கூடாது என்று 2022 ஜனவரியில் யு.ஜி.சி. எச்சரித்தது. எச்சரிக்க வேண்டிய அளவுக்கு அது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே தங்கச்சிகளுக்கு, குறிப்பாகப் படிப்பை இடையில் விட்ட அக்காமாருக்கு ஒன்று. பன்னிரண்டாவது இல்லாமலே திறந்தநிலையில் பட்டம் வாங்கலாம் என்பார்கள். அறிவுக்காக என்றால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் பத்து, பன்னிரண்டு, அதற்குப் பிறகு பட்டம் என்கிற வரிசை கேட்கிறார்கள். வரிசை தப்பினால் எம்.ஏ.வே இருந்தாலும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதிவிடுங்கள். இரண்டு வருஷம் தாமதமானாலும் பரவாயில்லை, தாள் செல்லும்.

தனியார் கம்பெனிக்காரனிடம் நீட்டப் போகிறாய் என்றால் கணக்கு வேறு. அவன் தாளைப் பார்ப்பது கொஞ்சம், 'இதைச் செய்து காட்டு' என்பதுதான் அதிகம். அங்கே கைத்திறன்தான் தாள். அதற்கு லட்ச ரூபாய் கடன் தேவையே இல்லை. ஒன்றிய அரசின் ஸ்வயம் 2017 ஜூலையில் தொடங்கியது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துகிற என்பிடெல் பாடங்கள் அதில் இருக்கின்றன. சேர்வதும் படிப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதணும், அதற்கு மட்டும் கட்டணம். என்பிடெல்லில் வாராவாரம் வீட்டுப்பாடத்துக்கு 25, தேர்வுக்கு 75. வீட்டுப்பாடத்தில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேறினால்தான் சான்றிதழ். எட்டு வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த ஆறு வாரத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு வாரம் போனாலும் விட்டுவிடாதீர்கள். 2021 விதிகளின்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் மூலம் படித்து மதிப்பெண் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி அனுமதிக்கலாம். உங்கள் கல்லூரி அனுமதிக்கிறதா என்று துறைத்தலைவரிடம் போய்க் கேளுங்கள். கேட்டால்தான் அவரே தேடுவார்.

பட்டமும் வேண்டும், திறனும் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். நடுவில் நின்றாலும் வெறுங்கையோடு போக வேண்டாம். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று படிப்படியாக இறங்கலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணத்தில் பெரிய பகுதி தள்ளுபடி. தாட்கோ திட்டங்களையும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையையும் பற்றி மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால் 'இல்லை' என்பார்கள். எழுதிக் கேட்டால் எழுதித்தான் மறுக்க வேண்டும்.

போன மாதம் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: 'சலுகைக்கு கம்யூனிட்டி சர்டிபிகேட் அப்லோட் பண்ணணுமாம். பண்ணா கூட படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடுமாண்ணே?' முழுக் கட்டணத்தையும் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறான். கட்ட அவனிடம் காசு இல்லை. நான் அவனைத் திட்டவில்லை. நானும் கல்லூரியில் உதவித்தொகை லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தவன்தான். தம்பி, சான்றிதழில் சாதி அச்சாவதில்லை. உன் பெயரும் மதிப்பெண்ணும்தான் வரும். அப்படியே தெரிந்தாலும் வெட்கப்பட வேண்டியது நீ இல்லை. அது பிச்சை அல்ல, நம் முன்னோர் வாங்காத கூலியின் பாக்கி.

சரி, எதைப் படிப்பது? இதற்கு நான் அண்ணலைத்தான் காட்டுவேன். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போகிறார். மூன்று வருஷத்தில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு இருக்கிறது: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சு ஒன்று, தொடக்கநிலை ஜெர்மன் ஒன்று. இந்தப் பட்டியலை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளியவர் அல்ல அவர். பொருளியல் என்கிற ஒரு நடுத்தூண் இருக்கிறது. அதுதான் பின்னால் லண்டனில் ரூபாயைப் பற்றிய ஆராய்ச்சியாக, 1923இல் டி.எஸ்சி. பட்டமாக, நூலாக வளர்ந்தது. தூணுக்குப் பக்கத்தில் மொழி இருக்கிறது. இன்னொரு பக்கம், தன் வாழ்க்கையைத் தனக்கு விளக்குகிற பாடம் இருக்கிறது. அந்த நாலே நாலு மானிடவியல் பாடத்தின் வகுப்பறை ஒன்றில்தான் 1916 மே மாதம் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை வாசித்தார்.

நமக்கும் அதேதான் அளவுகோல். ஒரு தூண், ஒரு மொழி, ஒரு கண்ணாடி. பி.காம். படிக்கிற தங்கச்சிக்குக் கணக்கியல்தான் தூண்; எக்செல், டேலி, ஜி.எஸ்.டி. அதோடு சேரும். கணிதம் படித்த தம்பிக்குப் புள்ளியியலும் பைத்தானும். மொழி என்றால் ஆங்கிலம், தயங்காமல். கண்ணாடி என்றால் அரசியல் சட்டம், தொழிலாளர் சட்டம், வரலாறு, இதில் ஏதாவது ஒன்று. பத்துச் சான்றிதழ் சேர்த்து லேமினேட் போட்டு வைத்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். எல்லாமே 'அறிமுகம்'. பத்து வீட்டு வாசலில் நின்று வந்திருக்கிறான், ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை. வாசலில் நிற்கிற வேலையை நாம் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

வெளிநாட்டுப் பாடங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹார்வர்டின் சி.எஸ்.50 கணினிப் பாடம் இலவசம். முடித்தால் இலவசச் சான்றிதழும் தருகிறார்கள். எம்.ஐ.டி. தன் பாடக்குறிப்புகளைத் திறந்து வைக்கப்போவதாக 2001இலேயே அறிவித்தது. சான்றிதழ் இல்லை, அறிவு மட்டும். ஆனால் உலகத்துக்கே இலவசக் கல்வி என்று 2012இல் இந்த இரண்டும் சேர்ந்து தொடங்கிய எடெக்ஸ், 2021இல் ஒரு வணிக நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் 2024இல் திவால் மனு கொடுத்தது. முதலாளியத்தின் தர்மசாலை எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது நமக்குத் தெரிய வேண்டும். திறந்திருக்கும்போது சாப்பிட்டுவிடு, நம்பிக் குடியேறாதே.

பணத்தைப் பற்றிப் பேங்க்காரனாக நாலு வார்த்தை. 'தவணைதான், வட்டி இல்லை' என்று பயிற்சி நிறுவனம் சொன்னால், அநேகமாக அதன் பின்னால் ஒரு நிதி நிறுவனம் உன் பெயரில் கடன் கொடுத்திருக்கும். நீ பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. கணக்கிலிருந்து தானாக எடுக்கிற ஒப்புதலை வங்கிக்கு வந்து நிறுத்தலாம். நிறுத்தினால் பற்று நிற்கும், கடன் அப்படியே இருக்கும். செயலி வழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது: வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் முதலிலேயே காட்ட வேண்டும்; கடன் கொடுத்த பிறகும் மனம் மாறினால், அசலையும் அத்தனை நாள் வட்டியையும் மட்டும் கட்டி, அபராதமின்றி வெளியேறச் சில நாள் அவகாசம் தர வேண்டும். அந்தத் தாளைக் கேள். அவகாசம் எத்தனை நாள் என்று கேள். அம்மாவின் போனுக்கு வருகிற எண்ணை, எதற்கு என்று தெரியாமல் யாருக்கும் சொல்லாதே.

தோழர்களே, இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பெரும்பாலானவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் அந்தப் பாடங்களில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர்தான் முடித்திருக்கிறார்கள். அறையும் மேசையும் இணையமும் இருக்கிற உலகத்தின் கணக்கு இது. நம் வீட்டில் ஒரே போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரி அண்ணன் கையில் இருக்கும். தங்கச்சி பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி பத்து. அப்போது போனில் சார்ஜ் இருக்காது, இவளிடமும் இருக்காது. இவளைப் பார்த்து 'ஆர்வமில்லை' என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஆகவே தனியாகப் படிக்காதீர்கள். இதுதான் என் வேண்டுகோள். அண்ணல் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலையிலேயே வகுப்பு வைத்தார். படிக்கிறவனின் நேரத்துக்குக் கல்லூரியை வளைத்தார். இந்த இரவுப் பள்ளியும் அதைச் செய்யலாம். எட்டுப் பேர் ஒரே பாடத்தில் சேருங்கள். வீடியோவைத் தரவிறக்கிப் பென் டிரைவில் போட்டு அந்தச் சுவரில் ஓட்டுங்கள். இங்கிலீஷ் புரியாத இடத்தில் நிறுத்தி, புரிந்தவர் தமிழில் சொல்லட்டும். தங்கச்சிகளுக்குச் சாயங்காலம் ஆறு மணி. பாத்திரத்தை அண்ணன்மார் கழுவட்டும். சிரிக்காதீங்க, சாதியை மட்டும் ஒழித்துவிட்டு வீட்டுக்குள் ஆண்டையாக இருக்க முடியாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் போனால் நான் விற்பனைக்காரனாகிவிடுவேன். இணைய வகுப்பில் பின்பெஞ்சு இல்லை, பெயரைக் கேட்டு முகம் மாறுகிற வாத்தியார் இல்லை. அது ஒரு ஆறுதல்தான். 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். வளாகங்கள் நம் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்காக 'நீ வீட்லருந்தே படி' என்று சொல்வதை நாம் ஏற்க முடியாது. விடுதி கேட்டால் லிங்க் அனுப்புகிறார்கள், ஆசிரியர் கேட்டால் செயலி காட்டுகிறார்கள். ஊருக்கு ஒரு வளாகம், சேரிக்கு ஒரு போன் என்று பிரித்துவிட்டால், கல்வியிலும் ஒரு சேரி கட்டியாகிவிடும். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற இடங்களில் நம்மாட்கள் பாடம் மட்டுமா படித்தார்கள்? சோறு சரியில்லை என்று சாலையில் உட்காரவும் அங்கேதான் கற்றார்கள். அதை எந்த வீடியோவும் கற்றுத் தராது. இணையப் படிப்பு நமக்குக் கூடுதலாக வேண்டும், வளாகத்துக்குப் பதிலாக வேண்டாம்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். விலகுவதற்கான அவகாசம் கடந்துவிட்டது. பயிற்சி நிறுவனத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் திருப்தியாக இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவோம். ஜெயிப்போமா, தெரியாது. பையன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் போகிறான். அம்மா அன்றைக்குக் கிளம்பும்போது, 'அவன் இனிமே படிக்க வேணாம்னு சொல்லிடட்டுமா தம்பி?' என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பறிபோன பணத்தைவிட அந்தக் கேள்விதான் பெரிய நட்டம். 'சொல்லிடாதீங்கம்மா, இந்தத் தடவ நாங்க பாத்து சேர்க்கிறோம்' என்று சொன்னேன். அந்த வாக்கை உங்களையெல்லாம் நம்பித்தான் கொடுத்திருக்கிறேன். பையன் இங்கேதான் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கேயே சேர்க்கை. போனும் நோட்டும் கொண்டு வாங்க. சாதிச் சான்று ஜெராக்ஸ் ஒண்ணும் மறக்காம கொண்டு வாங்க.

ஜெய்பீம்.